நாலு விரல் அகலம்

சுரங்கக் கம்பெனி கட்டிய நகரியத்தில் எங்கள் வட்டத்து வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வாசற்படி, ஜன்னல், சமையலறை அலமாரி, காலண்டர் மாட்டும் ஆணி வரைக்கும் ஒரே மாதிரி. கரண்ட் போனால் யார் வீட்டிலும் யாரும் தடுமாறுவதில்லை. விருந்தாளிக்கு பாத்ரூம் எங்கே என்று காட்ட வேண்டியதில்லை. திருடனுக்கும் அந்த வசதி உண்டு என்று சிலர் சொல்வார்கள். அது கம்பெனிக்குப் பிடிக்காத பேச்சு.

இந்த ஒற்றுமை தானாக வந்ததல்ல. அதைக் காப்பதற்கென்றே சீர்மைப் பிரிவு என்று ஓர் அலுவலகம் உண்டு. எந்த வீடும் இன்னொரு வீட்டைவிட நன்றாக இல்லாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. மோசமாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலைதான். ஆனால் அதற்குத் தனியாக ஆள் போடவில்லை.

சீர்மையின் பலனைச் சொல்ல வேண்டும் என்றால் சிங்காரவேலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் சுரங்கத்தில் ஆபரேட்டர். ஒருமுறை நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது தூக்கக் கலக்கத்தில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார். வழக்கம்போல் நடந்து வழக்கம்போல் திரும்பி, தெருவில் வழக்கமான இடத்தில் இருந்த வீட்டுக்குள் நுழைந்தார். மூடி வைத்திருந்த இட்லியைச் சாப்பிட்டார். கொடியில் கிடந்த கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டு குளித்தார். போர்த்திப் படுத்துவிட்டார். அது செந்தாமரையின் வீடு. ரேஷன் கடையிலிருந்து வந்த செந்தாமரை, புருஷன் சீக்கிரம் வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மீன் குழம்பு வைத்தாள். மத்தியானம் புருஷன் வந்த பிறகுதான் கணக்கில் ஒருவர் கூடுதல் என்பது தெரிந்தது. மீன் இருந்தது, மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சீர்மைப் பிரிவின் ஆண்டு விழாவில் இதற்காக சிங்காரவேலுக்குச் சால்வை போட்டார்கள். 'எந்த வீட்டிலும் தன் வீட்டைப் போலவே உணர்ந்த ஊழியர்' என்று மேடையில் சொன்னார்கள். அதோடு அவரை கௌரவச் சோதனையாளராகவும் ஆக்கினார்கள். ஏதாவது ஒரு வீட்டின் மேல் சந்தேகம் வந்தால், நைட் ஷிப்ட் முடிந்த கையோடு அவரை அங்கே கூட்டிப் போய் உள்ளே விடுவார்கள். அவர் தடுமாறினால் வீட்டில் தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட வட்டத்தில்தான் இசைப்பிரியா தன் வீட்டு பாத்ரூம் கதவை அகலப்படுத்த விரும்பினாள்.

இசைப்பிரியாவின் தொழில் இன்டீரியர் டிசைன். பாண்டிச்சேரியில் படித்துவிட்டு சென்னையில் வேலை பார்த்தவள். அடுத்தவர்கள் வீட்டுச் சுவரை இடித்து, இடித்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டு, அதற்குப் பாராட்டு வாங்கியவள். அவளுடைய அப்பா கலியனுக்கு முதுகுத்தண்டில் ஆப்பரேஷன் நடந்து, கால்கள் இரண்டும் வேலை செய்யாமல் போன பிறகு ஊருக்கு வந்துவிட்டாள். ஜன்னலோரம் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சென்னை வீடுகளுக்கு வீட்டிலிருந்தே படம் போட்டுக் கொடுத்தாள்.

கலியன் சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர். கான்ட்ராக்ட்டில் சேர்ந்து கான்ட்ராக்ட்டிலேயே முடித்தார். அவருடைய மனைவி சாமியம்மாள் கேன்டீனில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்.

கலியனின் சக்கர நாற்காலி பாத்ரூம் கதவைவிட நாலு விரல் அகலம் கூடுதல். அதனால் அவரைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். தூக்க இரண்டு பேர் வேண்டும். சாமியம்மாள் கேன்டீனுக்குப் போய்விட்டால், இசைப்பிரியா தெருவில் போகிற யாரையாவது கூப்பிட வேண்டும். தெருவில் போகிறவர்களிடம் அதைக் கேட்க அவளுக்குக் கூச்சம். தூக்கப்படுகிறவருக்கு அதைவிடக் கூச்சம். அதனால் கலியன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். டாக்டர் கேட்டபோது தாகமே எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

"ஏம் பாப்பா, ஊரான் வூட்ல எல்லாம் செவுத்த ஒடச்சி பெரிய பெரிய கதவா வெக்கிற. நம்ம வூட்ல நாலு வெரலு எடுக்க முடியல ஒன்னால."

"இது நம்ம வீடு இல்லப்பா. கம்பெனி வீடு."

"அப்ப கம்பெனிய வந்து தூக்கச் சொல்லு. நான் எத்தினி நேரம் அடக்கிகினு ஒக்காந்திருக்கிறது?"

மறுநாள் இசைப்பிரியா சீர்மைப் பிரிவுக்குப் போனாள். உதவி மேலாளர் நெடுமாறன் அவளை உட்கார வைத்தார். தன்மையான மனிதர். அவருடைய குவார்ட்டர்ஸும் அதே வட்டத்தில் அதே டைப்தான். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"மேடம், அப்பா கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா கதவை நாம வெறும் கதவா பாக்கக் கூடாது. இப்ப உங்க வீட்டுக் கதவு நாலு விரல் பெருசாச்சுன்னு வைங்க. என்ன ஆகும்?"

"எங்கப்பா உள்ள போவாரு சார்."

"அது உங்க பக்கம். எங்க பக்கத்துலேருந்து பாருங்க. வட்டத்துல இருக்கிற மத்த எல்லா வீட்டுக் கதவும் நாலு விரல் சின்னதாயிடும். யாரும் கை வைக்காமலே. இத்தனை குடும்பத்துக் கதவைச் சின்னதாக்குறது நியாயமா, சொல்லுங்க."

இசைப்பிரியா யோசித்தாள். அளவெடுத்துப் பழகியவள் என்பதால், அவர் சொன்னதில் எங்கே பிசகு என்று உடனே பிடிபடவில்லை.

"வேற வழி ஏதாவது இருக்கா சார்?"

"நாற்காலி கம்பெனி சொத்தா?"

"இல்ல சார். நாங்க வாங்கினது."

"அப்ப அதுல நாங்க கை வைக்க முடியாது. நீங்க வைக்கலாம். நாலு விரல் குறைச்சுக்குங்க."

"குறைச்சா அப்பா உக்கார முடியாது சார்."

"அப்பா கம்பெனியா?"

"கான்ட்ராக்ட் சார்."

"அப்ப அதுவும் எங்ககிட்ட வராது," என்றார் நெடுமாறன். உதவ முடியாமல் போனதில் அவருக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

ஆனாலும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. அந்த வாரமே இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். கதவை அளந்தார். நாற்காலியை அளந்தார். கலியனையும், அனுமதி கேட்டுக்கொண்டு, அளந்தார். பிறகு வீட்டின் வரைபடத்தை விரித்துக் காட்டினார். பாத்ரூம் கட்டத்துக்குள் ஒரு மனிதனின் உருவம் வரைந்திருந்தது.

"இவர்தான் திட்ட மனிதர். இவரை வச்சுத்தான் எல்லா வீட்டுக்கும் அளவு போட்டது. பாருங்க, அவர் நின்னுகிட்டு இருக்காரு. உங்கப்பா உக்காந்திருக்காரு. ஆக, தப்பு வீட்ல இல்ல."

கலியன் வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "இவுரு எந்த ஷிப்ட்டு சார்?"

"இவரா? இவர் படம்ங்க."

"இல்ல, வூடு கட்னதுலேர்ந்து பாத்ரூம்லயே நின்னுகினு இருக்காரே, யாரும் மாத்தி வுடலியான்னு கேட்டேன்."

நெடுமாறன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இசைப்பிரியா உளியும் சுத்தியலும் எடுத்து, பாத்ரூமின் கதவையும் மர நிலையையும் தானே கழற்றினாள். நிலை போனதும் நாலு விரல் கிடைத்தது. கதவுக்குப் பதில் ஒரு திரை தொங்கவிட்டாள். கலியன் சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, திரையைத் தலையால் விலக்கி, யாருடைய துணையும் இல்லாமல் உள்ளே போனார். வெளியே வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொம்பு கேட்டார். சாமியம்மாள் அடுப்படியில் இருந்தபடி, "போதும்ங்க, கம்பெனி டேங்கே காலியாயிடும்," என்றாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சீர்மைப் பிரிவு சிங்காரவேலை அழைத்துக்கொண்டு வந்தது.

நைட் ஷிப்ட் முடித்திருந்த சிங்காரவேல் கண்ணை அரைகுறையாக மூடியபடி வாசலில் நின்றார். நெடுமாறன் அவர் முதுகில் லேசாகத் தட்டி உள்ளே அனுப்பினார். அவர் செருப்பைச் சரியான இடத்தில் விட்டார். டிபன் பாக்ஸைச் சரியான அலமாரியில் வைத்தார். நேராக பாத்ரூமுக்குப் போனார். கலியனும் இசைப்பிரியாவும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். தடுமாறாமல் திரும்பி வந்தார்.

"என்னண்ணே, ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் நெடுமாறன்.

சிங்காரவேல் நேர்மையானவர். கௌரவப் பதவி அவரை மேலும் நேர்மையாக்கியிருந்தது. தோளைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு சார். என்னா, எடது தோளு இடிக்கல. நம்ம வூட்ல உள்ள போவையில இடிக்கும். அது ஒண்ணுதான் கொறையா இருந்துச்சு."

மறுநாளே தச்சர் வந்து நிலையையும் கதவையும் பழையபடி பொருத்திவிட்டுப் போனார். சாயந்திரம் சிங்காரவேல் தானாகவே வந்து வாசலில் நின்றார். கலியனைத் தூக்குவதற்கு ஒரு கை கொடுக்க வந்திருந்தார்.

"மன்னிச்சிக்க மாமா. பொய் சொல்ல வாய் வரல."

"அத வுடுறா," என்றார் கலியன், அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டே. "இப்ப இடிக்குதா, தோளு?"

"இடிக்குது மாமா."

"சந்தோசம். கொறை தீந்துச்சி."

தச்சர் வந்த அன்றே ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்திருந்தது. இனிமேல் வீட்டை 'மாதிரி வீட்டில் உள்ளபடியே' வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வட்டத்தின் கோடியில் ஒரு வீடு எப்போதும் பூட்டியே கிடக்கும். முதலில் கட்டியது அதுதான். அதைப் பார்த்துத்தான் மற்றவற்றைக் கட்டினார்கள். மாதிரி மாறிவிடக் கூடாது என்பதற்காக அதில் யாரையும் குடிவைக்கவில்லை.

இசைப்பிரியா மறுபடியும் நெடுமாறனிடம் போனாள்.

"சார், மாதிரி வீட்ல பாத்ரூம் கதவு எவ்ளோ அகலம்?"

"எல்லா வீட்லயும் இருக்கிற அளவுதான்."

"அளந்து பாத்திருக்கீங்களா?"

நெடுமாறன் அவளைப் பார்த்தார். மாதிரி வீட்டை அளப்பது என்பது அதுவரை யாருக்கும் தோன்றாத ஒன்று. அது கோயிலுக்குள் போய் சாமி உள்ளே இருக்கிறதா என்று கேட்பதைப் போல. கேட்டுவிட்ட பிறகு பார்க்காமல் இருக்கவும் முடியாது.

சீர்மைத் தலைவர் இளம்பரிதி நேரில் வந்தார். சாவி எந்தக் காலத்திலோ தொலைந்திருந்ததால், தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுப் பூட்டையும் உடைத்தார்கள். கதவு திறந்தது. வட்டத்து ஜனம் பின்னால் கூடி நின்றது.

ஹால் சுவரில் உச்சியிலிருந்து தரை வரைக்கும் ஒரு விரிசல், மின்னல் மாதிரி வளைந்து இறங்கியிருந்தது. அதற்கு மேலே கூரையில் ஒரு பொத்தல். பொத்தல் வழியாக வெயில் ஒரு தட்டு அளவுக்குத் தரையில் விழுந்தது. சமையலறைக் கூரையிலும் அடுப்புக்கு நேர் மேலே ஒரு பொத்தல்; சுவரில் ஓர் அரசங்கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. பாத்ரூமில் குழாய் இல்லை. கக்கூஸ் பீங்கான் இல்லை. பீங்கான் இருந்த இடத்தில் ஒரு குழி, குழியில் ஒரு தவளை. பாத்ரூமின் மர நிலையைக் கரையான் முழுசாகத் தின்று முடித்திருந்தது.

இசைப்பிரியா டேப்பை எடுத்து பாத்ரூம் வாசலை அளந்தாள். நாலு விரல் கூடுதல்.

நெடுமாறன் மறுபடி அளந்தார். அதே அளவுதான். எல்லோரும் இளம்பரிதியைப் பார்த்தார்கள். அவர் நடு ஹாலுக்கு வந்து, கூரைப் பொத்தலுக்கு நேர் கீழே, வெயில் விழுந்த இடத்தில் நின்றார்.

"நண்பர்களே," என்றார். "நம் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. மாதிரி தவறா, நாம் தவறா? மாதிரி தவற முடியாது. தவறினால் அது மாதிரி அல்ல. ஆகவே தவறியது நாம். இத்தனை காலம் மாதிரியை ஒருமுறைகூடப் பார்க்காமல் அதைப் பின்பற்றினோம். உலகத்தில் வேறு எந்த நகரியத்திலும் இப்படிப்பட்ட விசுவாசம் கிடையாது. ஆனால் இன்றைக்குப் பார்த்துவிட்டோம். பார்த்த பிறகு பின்பற்றாமல் இருந்தால் அது துரோகம். நாளையிலிருந்து எல்லா வீடுகளும் சரிசெய்யப்படும்."

பின்னால் நின்றவர்களில் சிலர் பழக்கத்தில் கைதட்டிவிட்டார்கள்.

வேலை வெகு சுறுசுறுப்பாக நடந்தது. கசியும் குழாயை மாற்றச் சொல்லி வருஷக்கணக்கில் மனு கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம், கேட்காமலே கொத்தனார்கள் வந்தார்கள். கூரையில் பொத்தல் போட்டார்கள். நர்சரியிலிருந்து அரசங்கன்றுகள் லாரியில் வந்து இறங்கின. வளரும் செடி எல்லா வீட்டிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், வாரம் ஒருமுறை கிள்ளிவிட ஒரு தோட்டக்காரரைப் போட்டார்கள். தவளை விஷயம் பரிசீலனையில் இருந்தது.

விரிசல்தான் சிக்கல். கொத்தனார்கள் வீட்டுக்கு ஒரு மாதிரி வளைத்தார்கள். அதனால் வட்டத்தில் இருந்த ஒரே டிசைனர் என்ற முறையில் இசைப்பிரியாவை விரிசல் ஆலோசகராக நியமித்தார்கள். மறுத்தால் அவள் வீட்டுக் கதவு வேலை தள்ளிப்போகும் என்று நெடுமாறன் தன்மையாகச் சொன்னார். அவள் மாதிரி வீட்டு விரிசலை மெல்லிய தகட்டில் வெட்டி எடுத்துக் கொடுத்தாள். அதைச் சுவரில் வைத்துக் கொத்தினால் ஒரு வளைவுகூடத் தப்பாமல் வந்தது. அவள் தொழிலில் அதுவரை செய்ததில் அதுதான் மிகத் துல்லியமான வேலை. இளம்பரிதி தகட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அற்புதம்மா. உங்களை மாதிரிப் பொண்ணுங்கதான் இந்த நாட்டுக்கு வேணும்," என்றார்.

செந்தாமரைக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் இசைப்பிரியாவை வழிமறித்தாள்.

"ஏன்டி இசை, நல்லாருப்பியா நீ? ஒங்கப்பனுக்கு ஒரு கதவு வேணும்னு எங்க வூட்டு அடுப்புக்கு மழைய வுட்டுட்டியே! சோறு வடிக்கையில தலைக்கு மேல கொடை புடிச்சிகினு நிக்கிறேன்டி."

"நான் கதவு அளவுதான்க்கா கேட்டேன்."

"ஒன்ன யாரு அளக்கச் சொன்னது? இங்க யாராச்சும் எதையாச்சும் அளந்து பாத்திருக்கமா? ஒழுங்கா இருந்தமா இல்லியா?"

கலியன் வீட்டில் காலையில் வந்த ஆட்கள் பாத்ரூம் நிலையைக் கழற்றினார்கள். நாலு விரல் கிடைத்தது. மத்தியானம் வந்த ஆட்கள் குழாயைக் கழற்றி, பீங்கானைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, குழியை அளவாகத் தோண்டிவிட்டுப் போனார்கள். கலியன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு தாராளமாக உள்ளே போனார். குழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே பின்பக்கமாகவே வெளியே வந்தார்.

"வழிய குடுத்துட்டு எடத்த எடுத்துகினாங்க பாப்பா," என்றார்.

மற்றவர்கள் பக்கத்து வட்டங்களில் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டார்கள். அங்கே மாதிரி வீட்டை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. காலையில் பக்கெட்டும் துண்டுமாக ஜனம் ரோட்டைத் தாண்டிப் போவது திருவிழா மாதிரி இருந்தது. கலியனால் அப்படிப் போக முடியாது. அவர் தண்ணீரை மறுபடியும் குறைத்துக்கொண்டார். இந்தமுறை உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி இருப்பதாகச் சொல்லி டாக்டர் இசைப்பிரியாவைத் திட்டினார். இன்னொரு முறை இப்படி வந்தால் கிட்னி தாங்காது, ஆளுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட முடியாதா என்று கேட்டார். அவள் தகடு வெட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழி கேன்டீனிலிருந்து வந்தது.

குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பிரிவில் கிளார்க்காக இருந்த அன்புக்கரசி டீ குடிக்க வந்தாள். ஒதுக்கீட்டுப் பிரிவும் சீர்மைப் பிரிவும் ஒரே மாடியில் எதிரெதிரே இருந்தன. அதனால் அவர்களுக்குள் பேச்சு கிடையாது.

"எங்க ஆபீஸர் உயிரை எடுக்குறாருக்கா," என்று அவள் சாமியம்மாளிடம் அலுத்துக்கொண்டாள். "உங்க வட்டத்துக் கோடியில ஒரு வீடு. கட்டின நாள்லேருந்து காலின்னே காட்டுது. யாருமே கேக்கல. காலியா வச்சிருந்தா அவருக்கு மேலேருந்து திட்டு விழுதாம். யாராவது எடுத்துகிட்டா தேவல."

சாமியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பூட்டியே கெடந்துச்சே, அதுவா?"

"அதுதான்க்கா. வேணுமா? நாளைக்கே போட்டுத் தர்றேன்."

அன்று வீட்டுக்கு வந்து சாமியம்மாள் இதைச் சொன்னபோது, இசைப்பிரியா கம்ப்யூட்டரை மூடினாள். வெகு நேரம் அம்மாவையே பார்த்தாள்.

"அம்மா. அந்த வீட்ல நாம என்ன பண்ணாலும் அதுதான் மாதிரி."

"அதான்டி நானும் சொல்றேன். கேன்டீன்ல சாம்பார் கரண்டி புடிக்கிறவளுக்குப் புரிஞ்சிது, படிச்சவ ஒனக்கு இம்மாந்நேரமா?"

ஒதுக்கீடு கையில் கிடைத்ததும் அவர்கள் குடி மாறினார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக இசைப்பிரியா தன் சொந்த வீட்டைத் திருத்தினாள். விரிசலைப் பூசினாள். கூரையை அடைத்தாள். அரசங்கன்றை வேரோடு எடுத்துப் போய் ஏரிக்கரையில் நட்டாள். தவளையையும் அங்கேயே விட்டாள். பாத்ரூமுக்குக் குழாய் போட்டு, பீங்கான் பதித்து, கலியன் பிடித்துக்கொண்டு மாறி உட்கார இரண்டு பக்கமும் கம்பி வைத்தாள். வாசலுக்குச் சாய்தளம். பாத்ரூம் வாசலுக்கு அகலமான புதுக் கதவு. உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள்.

விஷயம் வட்டத்துக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் செந்தாமரை ஒரு சட்டி கருவாட்டுக் குழம்போடு வந்தாள்.

"கண்ணு இசை, அன்னிக்கி ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத. அடுப்படி மேடைய கொஞ்சம் ஒசத்தி, கருப்புக் கல்லு போட்டுடேன். அப்பிடியே மிக்சிக்கு ஒரு பிளக்கு."

"எங்க வீட்டுக்கு எதுக்குக்கா?"

"ஒங்க வூட்ல இருந்தாத்தானே எங்க வூட்டுக்கு வரும்!"

அதற்குப் பிறகு வாசலில் கூட்டம் குறையவே இல்லை. ஒருத்தர் சிமென்ட் கொண்டுவந்தார். ஒருத்தர் ஜன்னலுக்குக் கொசுவலை கேட்டார். வீட்டுப் பாடம் எழுத மேஜை வேண்டும் என்றார்கள், துணி காயப்போட மழைக்கு நனையாத இடம் வேண்டும் என்றார்கள். சிங்காரவேல் எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்து, பாத்ரூம் வாசலைக் காட்டினார். "பாப்பா, அகலமாவே இருக்கட்டும். எடது பக்கம் மட்டும் தோள் ஒயரத்துக்கு ஒரு சின்ன கட்டை வெச்சிடு. இல்லன்னா எனக்கு வூடு வந்து சேந்த மாதிரி இருக்காது." அவள் சக்கரத்துக்கு இடிக்காத உயரத்தில் ஒரு கட்டையும் வைத்துக் கொடுத்தாள்.

சீர்மைப் பிரிவு வந்தது. இளம்பரிதி, நெடுமாறன், இன்னும் நாலைந்து பேர். வட்டமே வேலிக்கு வெளியே நின்றது. இளம்பரிதி சாய்தளத்தைப் பார்த்தார், கருப்புக் கல் மேடையைப் பார்த்தார். ஹாலில் விரிசல் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததாகச் செந்தாமரை பிற்பாடு சொன்னாள்.

"மாதிரியைக் கொன்னுட்டீங்களேம்மா."

"ஒதுக்கீடு இருக்கு சார்," என்று ஒதுக்கீட்டுத் தாளை நீட்டினாள் இசைப்பிரியா.

"ஒதுக்கீடாவது ஒண்ணாவது! மாதிரி வீட்ல ஆள் இருக்கக் கூடாது. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள காலி பண்ணணும். நாளைக்குக் காலையில கொத்தனார் வருவாங்க. பொத்தல், விரிசல், குழி எல்லாம் பழையபடி வரணும். தகடு எங்கே? தகடு பத்திரமா இருக்கா?"

சாமியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கலியன் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி மகளைப் பார்த்தார். பழைய குவார்ட்டர்ஸை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

நெடுமாறன் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு நிமிஷம்."

"என்னய்யா?"

"மாதிரி வீட்டைக் காலி பண்ணா, மாதிரிங்கிறது காலி வீடுன்னு ஆயிடும் சார். அப்ப வட்டத்துல எல்லாக் குடும்பத்தையும் காலி பண்ணணும்."

"பண்ணுவோம்."

"நானும் இந்த வட்டம்தான் சார். ஒய்ஃப் அடுப்படியில ஒரு மாசமா குடை புடிச்சுகிட்டு சமைக்கிறா சார்."

இளம்பரிதி குடியிருப்பது பங்களா. அந்த டைப்பில் இரண்டே இரண்டு வீடுகள்தான் உண்டு, இரண்டும் வேறு வேறு மாதிரி இருக்கும். ஆகவே அவர் பதற்றமில்லாமல் யோசித்தார். வேலிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் யாரும் கைதட்டும் முகத்தோடு இல்லை.

"மாதிரி தவற முடியாது," என்றார் கடைசியில், மெதுவாக. "அளவெடுங்க."

டேப்புகள் வெளியே வந்தன. சாய்தளத்தின் சரிவு, மேடையின் உயரம், கொசுவலையின் கண், சிங்காரவேலின் கட்டை, எல்லாவற்றையும் அதே பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். ஹாலின் நடுவில் வந்ததும் நெடுமாறனின் கை நின்றது.

"சார், இவரு?"

"மாதிரி வீட்ல இருக்கிறது எதையும் விடக் கூடாது," என்றார் இளம்பரிதி. கலியன் பக்கம் திரும்பினார். "நீங்க இந்த வீட்ல எப்பவும் இருப்பீங்களா?"

"எங்க சார் போவப் போறேன்?"

"நிச்சயமா சொல்லுங்க. டெம்பரவரியா, பர்மனென்ட்டா?"

கலியன் நெடுமாறனின் பேனாவைப் பார்த்தார். "பர்மனென்ட்னு எழுதுங்க சார்," என்றார். "மூணு கான்ட்ராக்டருகிட்ட கேட்டேன். எவனும் எழுதல."

நெடுமாறன் எழுதினார். எழுதி முடித்ததும் இளம்பரிதி நாற்காலியைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொன்னார். "ஐயா, அளவு முடியிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசையாதீங்க. நீங்க அசைஞ்சா மாதிரி அசையும்."

கலியன் காலையிலிருந்து மூன்று சொம்பு தண்ணீர் குடித்திருந்தார். கோட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இரண்டு சக்கரத்தையும் தள்ளினார். நெடுமாறன் கையில் நீண்டிருந்த டேப் நாற்காலியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கூடவே ஓடி, சரக்கென்று சுருண்டது.

"ஐயா! ஐயா, நில்லுங்க!"

கலியன் பாத்ரூமுக்குள் போனார். சக்கரம் எங்கும் உரசவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

சீர்மைப் பிரிவு மொத்தமும் கதவுக்கு வெளியே வந்து நின்றது. இளம்பரிதி கதவைத் தட்டினார்.

"திறங்க ஐயா. உள்ளே அளக்கணும்."

மறுபடி தட்டினார், இந்தமுறை பலமாக.

"உள்ள ஆளு இருக்கு சார்," என்றார் கலியன். குழாய் திறந்து, தண்ணீர் வாளியில் விழும் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.